மூன்று விரல் ரப்பர்

அறுபத்தாறாவது வயதில் காஞ்சனா தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவும் ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில், காய்கறி வண்டிக்காரி, ஆட்டோக்காரர்கள், ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் பார்க்க.

அவள் புகுந்த வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. மாமனார் பெயர் ராமசுவாமி. அதனால் மாமியார் கடைசி வரைக்கும் ராமா என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ராமநவமியைப் பானகப் பண்டிகை என்பாள், பெற்ற பிள்ளையையே பாதிப் பெயரில்தான் கூப்பிடுவாள். சுலோகத்தில் அந்தப் பெயர் வந்தால் ஒரு கனைப்புக் கனைத்துத் தாண்டிப் போய்விடுவாள், பகவான் புரிந்துகொண்டிருப்பார். அந்த வீட்டு மருமகள் காஞ்சனா, கும்பகோணத்தை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும், கீரைக்காரியோடு தெலுங்கில் சரிக்குச் சரி பேரம் பேசக் கற்றுக்கொண்டும், புருஷன் விஷயத்தில் 'ஏன்னா'வைத் தாண்டவில்லை. பாங்க்கில் கணவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "அப்பா பேரைச் சொல்லுடா ஷ்யாம்" என்பாள்.

அவர் மட்டும் என்ன வாழ்ந்தது? 'இந்தா', 'இங்க பாரு', 'கேட்டியா' என்று மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். வெளியாட்களிடம் பேசும்போது 'ஆத்துல'. "ஆத்துல கேட்டுண்டு சொல்றேன்", "ஆத்துல ரெண்டு நாளா ஜுரம்". கேட்கிறவர்களுக்கு வீட்டுக்கே ஜுரம் வந்தது போலிருக்கும். கோபம் வந்தால்கூட அவர் வாயில் காஞ்சனா என்று வராது. அவளுக்கு அதில் குறை இருந்தது என்றும் சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மனுஷியைப் பெயர் வேறு சொல்லிக் கூப்பிடுவார்களா என்று இருந்துவிட்டாள்.

ரிடையராகிச் சில வருஷங்கள் கழித்து அவருக்கு மறதி வந்தது. முதலில் ஸ்கூட்டரை மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது ஏறுமே தவிர இறங்காது என்றார். ஏறியது. ஒரு நாள் காலையில் பழைய ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்பு வேலை பார்த்த ஃபாக்டரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். காஞ்சனா "ஏன்னா, ஏன்னா" என்று பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பவில்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? மூச்சு வாங்க நின்றவள் வாயில் அது தானாக வந்தது.

"அனந்தராமன் சார்."

சட்டென்று நின்றார். திரும்பினார். "எஸ் மேடம்?" என்றார்.

காஞ்சனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியார் போட்டோவில் இருந்து இறங்கி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே பயந்தாள். ஆனால் மனுஷர் திரும்பி வந்துவிட்டாரே. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் சார், அவள் மேடம்.

அவர் வேலை பார்த்தது அந்தப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியின் தரப் பரிசோதனைப் பிரிவில். அசெம்பிளி முடிந்து வரும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்து, பிறகுதான் மற்றதைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் ரிஜெக்ட். இரண்டுக்கும் நடுவில் டீவியேஷன் என்று ஒன்று உண்டு. சாமானில் சின்னக் குறை இருக்கும், ஆனாலும் உபயோகத்துக்கு ஆகும். யாராவது ஒருவர் தன் பெயரைக் கொடுத்துப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் விட்டுவிடலாம். அது அவருக்குக் கட்டோடு பிடிக்காது. வீட்டிலும் அதே அதிகாரம்தான். ரசத்தில் புளி ஒரு இழை கூடிப்போனால், "டீவியேஷன்ல பாஸ் பண்ணிருக்கேன், தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

மறதி எல்லாவற்றையும் கொண்டுபோனது. இந்தப் பரிசோதனை உத்தியோகத்தை மட்டும் விட்டுவைத்தது. கேஸ் சிலிண்டரில் இருப்பதைப் படிப்பார். அரிசி மூட்டையைப் படிப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி படித்துப் பாஸ் பண்ணிய பிறகுதான் காபி. சாயங்காலம் வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் அவருக்குக் கவலை வந்துவிடும். நாற்காலியில் இருந்து எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார்.

"மேடம், இருட்டிண்டு வரது. நீங்க ஆத்துக்குக் கிளம்புங்கோ. லேடீஸ் இவ்வளவு நேரம் இருக்கப்படாது."

"கிளம்பறேன் சார்" என்பாள் காஞ்சனா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் ராத்திரிக்கு மாவைக் கரைப்பாள். அவர் முதல் தடவை அப்படிச் சொன்னபோது அடுப்படியில் நின்று அழுதாள். பிறகு அழுகையும் அலுத்துப்போனது. ஆனால் தினமும் ஒருவர் நம்மை நம் வீட்டிலிருந்து பதவிசாக அனுப்பி வைக்கிறார் என்பது பழகிவிடுகிற விஷயமில்லை.

வீட்டுக்கு முன்னெல்லாம் வருகிறவர்கள் உண்டு. நவராத்திரி என்றால் மாரெட்பள்ளியில் இருந்துகூட வருவார்கள். அவர்களிடம் அவர் கேட் பாஸ் கேட்க ஆரம்பித்த பிறகு வரத்து நின்றது. உதவிக்கு வைத்த பெண்ணையும் பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவள் நான்கு நாள் பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். காஞ்சனாவின் தமிழைக் கேட்க அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு ஃபோன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஷ்யாம் வருவான், டப்ளினில் இருந்து.

ரப்பர் வளையத்தை அனுப்பியது அவன்தான். நீல நிறம், சிலிக்கான் ரப்பர், கல்லூரிப் பிள்ளைகள் கையில் போட்டுக்கொண்டு அலைவார்களே அது மாதிரி. அதைச் சுற்றி வெள்ளை இங்கிலீஷ் எழுத்தில் பொறித்திருந்தது: ஆர். அனந்தராமன், அடுத்து ஒய்ஃப் காஞ்சனா, அடுத்து அவளுடைய மொபைல் நம்பர். எங்காவது தப்பிப் போய்விட்டால் பார்க்கிறவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

அவர் போட்டுக்கொள்ள மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். முன்பு விலாசம் பொறித்த டாலரைக் கழுத்தில் போட்டுவிட்டபோது, லேபுக்குள் மெட்டல் கூடாது என்று கழற்றி எறிந்திருந்தார். மொபைலைக் கொடுத்தால் பூஜை அலமாரியில் வைத்துவிடுவார். ஆனால் வளையத்தைக் கண்டதும் தானே கையை நீட்டினார். காஞ்சனாவுக்கு அப்புறம்தான் புரிந்தது. ஃபாக்டரியில் சர்க்யூட் போர்டைத் தொடுமுன் எல்லோரும் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிக்கொள்வார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் போர்டில் இறங்கி அதைக் கெடுத்துவிடாமல் அது எர்த்துக்கு இழுத்துப் போய்விடும். இதுவும் அந்த எர்த் பட்டை என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

மாட்டிக்கொண்டதும் பெருவிரலால் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சுற்றிக்கொண்டே படித்தார்.

"ஆர். அனந்தராமன். ஒய்ஃப் காஞ்சனா. நைன் எய்ட் ஃபோர்…"

தோசைக் கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள். கல்லில் தோசை கருகியது. கல்யாணம் ஆன நாளாகக் கேட்காத சொல், அந்தக் குரலில், அவ்வளவு சுத்தமாக, ஒரு எழுத்தும் விழுங்காமல். ஐயோ, வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு. பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியாது, சரி. மறுநாள் காலையிலும் படித்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் படிக்கிற நேரத்தில் அவள் மிக்ஸி போடுவதை நிறுத்திக்கொண்டாள். குக்கர் விசில் குறுக்கே வந்தால் அதன் மேல் கோபம் வந்தது. ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு தரம் தோன்றியது. யாரிடம் போட்டுக் காட்டுவது என்று விட்டுவிட்டாள்.

கஷ்டம் என்னவென்றால் வளையம் பெரிது. மனுஷர் இளைத்துப் போயிருந்தார். மணிக்கட்டு முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வளையம் அதில் நிற்காமல் முழங்கை வரை ஓடியது, கையைத் தொங்கவிட்டால் நழுவி விழுந்தது. விழாவிட்டாலும் அவரே கழற்றிவிடுவார். எர்த் பட்டை தோலை ஒட்டி இருக்க வேண்டும் என்பது சட்டம். "லூஸ் காண்டாக்ட்" என்று சொல்லி, எடுத்து, தட்டிலோ டம்ளரிலோ வைத்துவிடுவார். காஞ்சனா தேடி எடுத்து மறுபடி மாட்டுவாள். ஒரு நாள் உளுத்தம்பருப்பு டப்பாவில் கிடைத்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மழை வரும் போலிருந்தது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், வாசல் கதவைச் சாத்தினாளே தவிரப் பூட்டவில்லை. இறங்கி வந்தபோது கதவு திறந்திருந்தது. பை இல்லை, ஷூ இல்லை. வளையம் மட்டும் சாப்பாட்டு மேஜையில், தட்டின் நடுவில், ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

தெருத் தெருவாக அலைந்தாள். ஃபாக்டரி வாசலில் இருந்த பழைய செக்யூரிட்டிக்கு அவரைத் தெரியும்; இன்றைக்கு வரவில்லை என்றான். மழை பிடித்துக்கொண்டது. "அனந்தராமன் சார், அனந்தராமன் சார்" என்று தெருவில் கத்திக்கொண்டு போனபோது அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. எதிர் ஃப்ளாட் சுஷ்மா, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற தெலுங்குப் பெண், லேப்டாப்பை மூடிவிட்டு ஓடி வந்தாள். "டென்ஷன் படகண்டி ஆன்ட்டி, அங்கிள் போட்டோ பம்பண்டி" என்று தைரியம் சொல்லிப் போட்டோ வாங்கி, தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள்.

சாயங்காலம் மல்லாபூரில் இருந்து பதில் வந்தது. காஞ்சனாவும் சுஷ்மாவும் ஆட்டோவில் ஓடினார்கள். ஏதோ ஒரு கம்பெனி வாசலில், வாட்ச்மேன் ஸ்டூலில், முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களிடம் லேபிள் கேட்டுக்கொண்டிருந்தாராம். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. யாரோ தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வாட்ச்மேன் நல்ல மனுஷன், ஆனாலும் முன்பின் தெரியாத பொம்பிளையிடம் ஒப்படைக்கலாமா என்று யோசித்தான். "ஈயன மீகு ஏமவுதாரம்மா?" என்று கேட்டான், இவர் உனக்கு என்ன வேண்டும் என்று.

காஞ்சனா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "மா ஆபீஸ் மேடம்" என்றார், எங்கள் ஆபீஸ் மேடம் என்று, தெளிவான தெலுங்கில்.

வாட்ச்மேன் இன்னும் சந்தேகமாகப் பார்த்தான். சுஷ்மாதான் நடுவில் புகுந்து விளக்கினாள். ஆட்டோவில் வரும்போது காஞ்சனா அவர் ஈரக்கையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

அன்று ஷ்யாமைக் கூப்பிட்டாள். அவனும் பாவம், திரையில் முகம் வெளிறிப் போயிருந்தான்.

"சின்ன சைஸ் ஆர்டர் பண்றேம்மா. ஆனா கஸ்டம் மேட், வரதுக்கு மூணு வாரமாவது ஆகும். அப்புறம், கிட்ஸ் சைஸ்ல அவ்ளோ லெட்டர்ஸ் வராதாம். அப்பா பேரும் நம்பரும் போறுமோல்லியோ?"

"போறும்டா" என்றாள் காஞ்சனா.

"மூணு வாரம் ஜாக்கிரதையா பாத்துக்கோம்மா."

மூன்று வாரம். அவர் மறுநாள் காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு நின்றார். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது, யார் பூட்டியது என்று கதவை உதைத்தார். கீழ் வீட்டுக்காரர்கள் ஏறி வந்து பார்த்தார்கள். நாள் முழுக்கப் பூட்டி வைக்க முடியாது, நாள் முழுக்க விழித்திருக்கவும் முடியாது. அடுத்த தடவை மல்லாபூர் வாட்ச்மேன் மாதிரி ஒருவன் கண்ணில் படாமல் போனால்? இந்த ஊரில் லாரிகளுக்கா பஞ்சம்? வளையத்தை எப்படியாவது அந்தக் கைக்குச் சிறிதாக்கியாக வேண்டும் என்று அவள் உட்கார்ந்தாள்.

யூடியூபில் ஒரு பிள்ளை, கொதிக்கிற நீரில் போட்டு எடுத்தால் ரப்பர் சுருங்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். காஞ்சனா சாம்பாருக்கு வைக்கிற பாத்திரத்தில் அதைக் கொதிக்க வைத்தாள். ஐஸ் தண்ணீரில் போட்டாள். வளையம் குளித்துவிட்டு வந்தது போலப் பளபளவென்று இருந்ததே தவிர இம்மியும் சுருங்கவில்லை. பிறகு, அதிகப்படியான இடத்தை மடித்துப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டினாள். அரை மணி நேரத்தில் அவர் அந்த முடிச்சைக் கண்டுபிடித்து, இது ஒரிஜினல் ஃபிட்டிங் இல்லை என்று நிதானமாக அவிழ்த்து மேஜையில் வைத்தார். ஊசி குத்தலாம் என்றால் வயசான தோல், கிழித்துவிடும். வெட்டி ஒட்டலாம் என்று ஒரு ஓரத்தில் கீறிச் சாதாரணப் பசை வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒட்டிக்கொண்டன, ரப்பர் ஒட்டவில்லை.

"ஆன்ட்டி, எங்க மீன் தொட்டி லீக் ஆனப்ப ஒண்ணு வாங்கினோம்" என்று, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, பாதி தீர்ந்த ஒரு சிலிக்கான் டியூபைக் கொண்டு வந்து கொடுத்தாள் சுஷ்மா. கீறலில் வைத்து ஒரு நாள் காயவிட்டுப் பார்த்தாள் காஞ்சனா. இழுத்தாலும் வரவில்லை, கையில் உறுத்தவும் இல்லை.

ஆக, வெட்டி ஒட்ட வழி கிடைத்துவிட்டது. எங்கே வெட்டுவது என்பதுதான் மிச்சம்.

அவர் தூங்கும்போது ஒரு நாடாவை அந்த மணிக்கட்டில் சுற்றி அளவெடுத்தாள். வளையத்தோடு வைத்துப் பார்த்தாள். மூன்று விரல் அகலம் போக வேண்டும். காலி இடம் என்று வளையத்தில் ஒன்றுமே இல்லை, சுற்றிவர எழுத்து. நம்பரில் கை வைக்க முடியாது. அது போனால் வளையமே எதற்கு? அவர் பெயரிலும் கை வைக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவன் அவரை நிறுத்த வேண்டுமென்றால் அனந்தராமன் சார் என்று கூப்பிட்டால்தான் நிற்பார், அதற்கு அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது சரியாக மூன்று விரல் அகலம் இருந்தது, வேண்டுமென்றே அளந்து வைத்தாற்போல.

கத்திரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். ஒய்ஃப் என்பதை மட்டும் வெட்டினால்? ஒரு விரல்தான் வந்தது. உள்பக்கத்தில் பேனாவால் எழுதிப் பார்த்தாள். கை கழுவுகிற சோப்பில் அழிந்துவிட்டது. இவ்வளவு வயசாகி, இப்படி ஒரு நிலைமையில், நான் என்ன பெயருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தன் மேலேயே எரிச்சல் பட்டாள். எரிச்சல் பட்டும் அன்று வெட்டவில்லை.

மறுநாள் காலை வளையத்தை அவர் கையில் மாட்டினாள். அவர் வழக்கம் போலச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"இன்னொரு தரம் படிங்கோ சார்" என்றாள்.

ரீ-செக் என்றால் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. "ஆர். அனந்தராமன். ஒய்ஃப் காஞ்சனா…"

"இன்னும் ஒரே ஒரு தரம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது கம்ப்ளெய்ன்ட் வந்ததா மேடம்?"

"இல்ல சார். காதுல சரியா விழல."

மூன்றாம் தடவையும் படித்தார். முன் இரண்டு தடவை படித்த அதே நிதானத்தில், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல். பிறகு லூஸ் காண்டாக்ட் என்று சொல்லிக் கழற்றி அவளிடமே கொடுத்தார்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், காஞ்சனா பிளவுஸ் தைக்கிற கத்திரிக்கோலால் இரண்டு இடத்தில் வெட்டினாள். ரப்பர் வெட்டுப்படுவதற்குச் சத்தம்கூட இல்லை. இரண்டு முனைகளையும் சேர்த்து, மீன் தொட்டிப் பசையைத் தடவி, இரண்டு துணிக் கிளிப்பைப் போட்டுப் பரண் மேல் வைத்தாள். மேஜையில் மூன்று விரல் ரப்பர் சுருண்டு கிடந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. பட்டன் டப்பாவில், பழைய கொக்கிகளோடு போட்டு மூடினாள்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் பசை காய்ந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள். வளையத்தை விரித்து, அந்த மெலிந்த விரல்களைத் தாண்டி, மணிக்கட்டில் இறக்கினாள். சரியாகப் பொருந்தியது. இறுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அவர் கையை உதறிப் பார்த்தார். நின்றது.

"குட்" என்றார். "காண்டாக்ட் சரியா இருக்கு."

காஞ்சனாவுக்கு உயிர் வந்தது. அவர் பெருவிரல் வளையத்தைத் தள்ள ஆரம்பித்தது.

"ஆர். அனந்தராமன்." விரல் நகர்ந்தது. ஒட்டிய இடத்தில் வந்து நின்றது. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. மறுபடி அங்கேயே நின்றது. "நைன் எய்ட்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மேடம், லேபிள் கம்ப்ளீட்டா இல்லியே."

"இருக்கே சார். பேரு, நம்பர்."

"இல்ல. இங்க ஏதோ விட்டுப் போயிருக்கு."

காஞ்சனா மோடாவை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "என்ன சார் விட்டுப் போயிருக்கு?"

அவர் யோசித்தார். நெற்றிச் சிராய்ப்பு சுருங்க, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்தார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று இருந்தது. இந்த ஒரு தடவை, படிக்காமல், தானாக.

"தெரியல" என்றார். "ஆனா இங்க ஒண்ணு இருந்தது."

சொல்லிவிட்டு, "ரிஜெக்ட்" என்று வளையத்தைக் கழற்றப் போனார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதைக் கழற்றிவிட்டால் எல்லாம் பழையபடி; திறந்த கதவு, மழை, லாரி. என்ன சொன்னால் இந்த மனுஷர் கேட்பார்? அவருடைய பாஷையில்தான் சொல்ல வேண்டும்.

"டீவியேஷன்ல பாஸ் பண்ணிடலாமே சார்."

அவர் கை நின்றது. அவளை முதல் தடவையாகக் கொஞ்சம் மதிப்போடு பார்த்தார். "பண்ணலாம்" என்றார், மனசில்லாமல். "ஆனா யாராவது பொறுப்பு எடுத்துக்கணும்."

"நான் எடுத்துக்கறேன்."

"பேர்?"

"காஞ்சனா."

"காஞ்சனா" என்று அவர் திருப்பிச் சொன்னார், காற்றில் எங்கோ குறித்துக்கொள்கிறவர் போல. "ஃபுல் நேம் சொல்லுங்கோ."

"காஞ்சனா அனந்தராமன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் கையில் இருந்த எழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அட, அனந்தராமனா? நம்ம பேராச்சே அது."

"ஆமாம் சார்" என்றாள். "அதே பேர்தான்."

"பாஸ்" என்றார் அவர். வளையம் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் தீப்பெட்டியை எடுத்தார்.

மத்தியானம் முழுக்க அவர் அதைக் கழற்றவில்லை. முகம் கழுவும்போதும், டிபன் சாப்பிடும்போதும் அது அவர் கையிலேயே இருந்தது. வெளிச்சம் மங்கியதும் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காஞ்சனா திரும்பிப் பார்த்தாள். இன்றைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளே, பொறுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாளே. கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மேடம்" என்றார் அவர். "இருட்டிண்டு வரது. நீங்க ஆத்துக்குக் கிளம்புங்கோ."

"கிளம்பறேன் சார்" என்றாள். அவர் திரும்பி நடக்கும்போது மணிக்கட்டில் நீல வளையம் நகராமல் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பிறகு அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தாள், இரண்டு பேருக்கு.